கேட்காமல் போட்ட படம்

எங்கள் மன்றத் தலைவி ஸ்வர்ணலதாவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கில் பேசுவாள், கொள்கை வந்தால் தமிழில் பேசுவாள். அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் இரண்டும் வராமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ரைஹானா. இப்போதுதான் இன்டர், அதாவது ப்ளஸ் டூ, முடித்த பெண். திருப்பதியில் மாட்டு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

"எங்க அத்தாகிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் மேடம். திங்கக்கெழம சேரலைன்னா சீட்டு போயிடும்" என்றாள். அத்தா என்றால் அப்பா.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரைஹானாவின் அக்கா ஜுலைகா இங்கே சித்தூரிலேயே நர்சிங் படிக்கிறாள். முக்காட்டை எடுத்துவிட்டு வந்தால்தான் வகுப்பு என்று போன வருஷம் அவளைக் காலேஜ் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பெண்கள் உரிமை மன்றம் அந்தக் கேட்டின் முன்னால் தர்ணா உட்கார்ந்தது. ஸ்வர்ணலதா வக்கீல்; பாலசமுத்திரத்து விவசாயக் குடும்பம். வயலில் மாட்டை விரட்டிப் பழகிய குரல், மைக் கேட்காது. நான் கிருபாவதி, கணக்கு டீச்சர், மன்றத்தின் பொருளாளர். பொருளாளர் என்றால் வெயிலில் உட்கார்ந்தவர்களுக்கு மோர் பாக்கெட் வாங்கிக் கொடுப்பவள் என்று அர்த்தம். "என் தலை, என் விருப்பம்" என்று தொண்டை கிழியக் கத்தினோம். ஜெயித்தோம்.

ரைஹானா அந்த நாட்களில் அக்காவின் நீல முக்காட்டில் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாதாரணமாக அவள் கட்டுகிறவள் இல்லை. "அக்காவ ஒண்டியா உட முடியுமா?" என்று அன்றைக்கே என்னிடம் சொன்னாள். இரண்டு பேரும் இருக்கிற படம் பேப்பரில் வந்தது. பெரியத்தா தஸ்தகீர், அதாவது அவள் அப்பாவுக்கு அண்ணன், அதை வெட்டி லேமினேட் செய்து தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மாட்டிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அன்றிலிருந்து ரைஹானாவும் முக்காட்டுக்காரிதான். ஹாஸ்டலுக்குப் போ, ஆனால் படத்தில் இருக்கிற மாதிரியே போ என்றார். நான் அப்படி இல்லையே பெரியத்தா என்றாள் இவள். அப்படியானால் திருப்பதியும் இல்லை என்று முடித்துவிட்டார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத அப்பா சுக்கூரும் தலையாட்டிவிட்டார்.

ஸ்வர்ணலதா பேனாவைக் கீழே வைத்தாள்.

"உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா இப்ப நாங்க வந்து கட்டாதேன்னு சொன்னா..."

"கட்டாதேன்னு சொல்ல வேணாம் மேடம். அவ இஷ்டம்னு சொல்லுங்க. போன வருஷம் சொன்னீங்களே, அதேதான்."

"அது வேற சந்தர்ப்பம். இப்ப இதச் சொன்னா அன்னிக்கு நம்மள எதிர்த்தவனுங்க வாய்க்கு அவல் போட்ட மாதிரி ஆயிடும். பாத்தியா, அவங்களே கழட்டிட்டாங்கம்பானுங்க. ஜெயிச்சதெல்லாம் வீணாப்பூடும். அதுவும் இல்லாம இது குடும்ப விஷயம்."

குடும்ப விஷயமாம்! இந்த வார்த்தையை எந்த இன்ஸ்பெக்டராவது சொல்லியிருந்தால் ஸ்டேஷனையே இரண்டாக்கியிருப்பாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் சபையில் ஜெபத்துக்கு நாங்களும் முந்தானையைத் தலையில் போடுகிறோம், வெளியே வந்ததும் எடுத்துவிடுகிறோம். எதற்குப் போட்டாய், எதற்கு எடுத்தாய் என்று என்னை ஒருவரும் நிறுத்திக் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இத்தனை பஞ்சாயத்து?

"லதா, உனக்கு மனசாட்சி கீதா?" என்றேன்.

"கிருபா, நீ சும்மா இரு. நாளைக்குத் திருப்பதி விழா முடியட்டும், அப்புறம் பேசலாம்."

"விழா முடிஞ்சா ஞாயித்துக்கெழமையும் முடிஞ்சிடும் மேடம்" என்று சொல்லிவிட்டு ரைஹானா எழுந்து போனாள். அழவில்லை. அழுதிருந்தால் ஸ்வர்ணலதா இளகியிருப்பாள்.

மறுநாள் திருப்பதியில் பாராட்டு விழா. பல ஊர் மன்றங்கள் சேர்ந்து ஜுலைகாவுக்குச் செய்வது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடையின் பின்னால் சுவர் முழுக்க ஃபிளெக்ஸ். பேப்பரில் வந்த அதே படம். நீல முக்காட்டில் அக்காவும் தங்கையும். தங்கை சிரித்த முகம் என்பதால் ஃபிளெக்ஸ்காரன் அவளை இன்னும் பெரிதாக்கியிருந்தான். கீழே "போராட்டக் களத்தின் இரட்டைச் சுடர்கள்" என்று எழுத்து.

ஃபிளெக்ஸ் என்று வந்துவிட்டால் யாரையும் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. காதுகுத்தா, கருமாதியா, கட்சிக்காரர் பிறந்தநாளா, கையில் இருக்கிற முகத்தை அனுப்பிவிடுவோம். ஸ்வர்ணலதாவும் அனுப்பிவிட்டாள். பெண்ணின் சம்மதம் என்று பக்கம் பக்கமாக மனு எழுதுகிற நாங்கள் ஒருத்திகூட அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போடவில்லை.

ஜுலைகா கறுப்பு புர்காவில் வந்தாள். கூடவே ரைஹானா, எண்ணெய் வைத்துப் பின்னிய ஒற்றைச் சடையோடு. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். கூட்டம் ஃபிளெக்ஸைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி ஃபிளெக்ஸைப் பார்த்தது. கேமராவோடு வந்த டிவிக்காரன் ஸ்வர்ணலதாவின் காதருகே குனிந்து, "மேடம், ஆ அம்மாயி, ஈ அம்மாயி ஒக்கட்டேனா?" என்று கேட்டான். இரண்டும் ஒரே பெண்ணா என்று அவனுக்குச் சந்தேகம். ஸ்வர்ணலதா ஒரு தம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தாள்.

பொன்னாடையை எடுத்தார்கள். எங்கள் கூட்டங்களின் பொன்னாடைகள் ஊர் ஊராகச் சுற்றுபவை. இதை எனக்கே ஒருமுறை புத்தூரில் போர்த்தியிருக்கிறார்கள், ஓரத்தில் காப்பிக் கறையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஸ்வர்ணலதா அதை விரித்துக்கொண்டு வர, ஜுலைகா ஓரடி பின்னால் போனாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். இப்ப வேணாம்" என்றாள். அது மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு மைக்கையே கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஸ்வர்ணலதா மேடம் எனக்காக வெயில்ல உக்காந்தவங்க. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். என் தலையில துணி இருக்கணும்னு நான் சொன்னேன், நீங்க எல்லாரும் எங்கூட நின்னீங்க. என் தங்கச்சிக்கு அது வேணாம். அதனால அவ படிக்கப் போவக் கூடாதுங்கறாங்க. நான் அவகூட நிக்கறேன். நீங்க எங்க நிக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கினு சால்வைய வாங்கிக்கறேன்."

 ஸ்வர்ணலதாவின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசி குத்தக் கற்றுக்கொண்ட பெண், எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நான்தான் முதலில் கை தட்டினேன். பொருளாளருக்கு அந்த அதிகாரமாவது இருக்கட்டும். அப்புறம் பின்வரிசை தட்டியது, அப்புறம் மண்டபமே தட்டியது.

ஸ்வர்ணலதாவின் முகம் செக்கச் சிவந்துவிட்டது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தவள், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தாள். மைக்கில்லாமல் பேசினாள், தமிழில்.

"நான் தப்புப் பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு நேத்தே வந்து கேட்டுது, நான் சாக்கு சொன்னேன். விழா முடிஞ்சுது. சித்தூர் பஸ் எத்தன மணிக்கு?"

சொன்னவள் சும்மா இருந்தாளா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி, ஃபிளெக்ஸின் கயிற்றைத் தானே அவிழ்த்தாள். அது மொத்தமும் அவள் தலைமேலேயே சரிந்து விழ, உள்ளேயிருந்து தெலுங்கில் திட்டு கேட்டது. ரைஹானா ஓடிவந்து அவளை வெளியே எடுத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாயந்தரம் சித்தூரில் சுக்கூர் வீட்டு வாசலில் ஒரு பஸ் கூட்டம் இறங்கியது. சுக்கூர் மாம்பழத் தாண்டிரா வியாபாரி. வெயிலில் காய்ந்த மாம்பழப் பாகுத் தகடுகளை வீட்டிலேயே வைத்துத் துண்டு போடுவார். எங்களைப் பார்த்து மிரண்டுபோனவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். உரிமைப் போராளிகள் எல்லோரும் வாய் ஒட்டிக்கொள்ள மென்றுகொண்டிருந்த நேரத்தில் தஸ்தகீர் வந்து சேர்ந்தார்.

"போன வருஷம் கட்டணும்னு சண்ட போட்டீங்க. இந்த வருஷம் கழட்டணும்னு சண்டைக்கு வந்துக்கீறீங்க. உங்களுக்கு இன்னாதான் வோணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. ஸ்வர்ணலதா தாண்டிராவை விழுங்கிவிட்டுப் பதில் சொன்னாள்.

"கட்டணும்னு அன்னிக்கும் சொல்லல பெரியவரே. ஜுலைகா தலைய ஜுலைகாகிட்ட உடுங்கன்னு சொன்னோம். இன்னிக்கு ரைஹானா தலைய ரைஹானாகிட்ட உடுங்கங்கறோம். நேத்து இதையே சொல்ல நான் பயந்துட்டேன். உங்களக் குத்தம் சொல்ற யோக்கியத எனக்குக் கம்மிதான்."

தஸ்தகீர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கென்று வைத்திருந்த குரல் உடைந்துவிட்டது.

"அந்தப் படத்தக் கடைக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கினு கீறேம்மா. எங்க வீட்டுப் பொண்ணுங்க எப்பிடி உக்காந்துக்கினு கீதுங்க பாருன்னு. நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?"

அட, இந்த மனுஷனும் எங்களைப் போலத்தான்! பாசத்தில்தான் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறார். அவளைக் கேட்காமல் மாட்டியிருக்கிறார். அதுவரை அவர்மேல் இருந்த என் கோபம் பாதி குறைந்தது, மீதியை வைத்துக்கொண்டேன்.

ரைஹானா அவர் எதிரில் போய் நின்றாள்.

"அந்தப் படம் பொய் இல்ல பெரியத்தா. அக்காவுக்காக நானேதான் கட்டினேன். அத எடுக்க வேணாம், கடையிலயே இருக்கட்டும். ஆனா என்ன அதுக்குள்ளயே வெச்சிடாதீங்க."

 பதில் சுக்கூரிடமிருந்து வந்தது. கத்தியைத் தாண்டிராவிலிருந்து எடுக்காமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அண்ணே, புள்ள நாளைக்குப் போவட்டும். நீ கோவிச்சுக்கினாலும் போவட்டும்."

தம்பி எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும். தஸ்தகீர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். உள்ளே ஜுலைகா தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "இன்னாடி, பெட்டி கட்டினியா இல்லியா?" என்று அதட்டினாள். நாங்கள் மறுபடி தாண்டிரா மெல்ல ஆரம்பித்தோம்.

திங்கட்கிழமை காலையில் வழியனுப்பப் போயிருந்தேன். ஸ்வர்ணலதா எனக்கு முன்பே வந்திருந்தாள். பெட்டி, படுக்கை, பக்கெட் எல்லாம் வாசலில். சுக்கூர் ஆட்டோ தேடிப் போகக் கிளம்பியபோது தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வேன். ஓட்டி வந்தவர் தஸ்தகீர்.

ரைஹானா வெளியே வந்தாள். குளித்த ஈரம் காயாத சடை, தோளில் பை. தெருவே அவள் தலையைப் பார்த்தது. தஸ்தகீரும் ஒருதரம் பார்த்தார். அப்புறம் வேன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இத்தினி சாமான பஸ்ஸுல எப்பிடித் தூக்கிக்கினு போவும் இந்தப் புள்ள? ஏறுங்க, டைமாவுது."

ஜுலைகா புர்காவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பக்கெட்டை உள்ளே தள்ளினாள். எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அந்தத் தெருவில் எல்லோருக்கும் மோர் பாக்கெட் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

"ரைஹானா, வாரா வாரம் மன்றத்துல இருந்து யாராவது வந்து உன்னப் பாத்துக்கறோம்மா" என்றாள் ஸ்வர்ணலதா.

ரைஹானா ஜன்னலில் இருந்து தலையை நீட்டினாள்.

"வேணாம் மேடம். ஒரு நாள் கட்டணும்னு தோணிச்சுன்னா கட்டுவேன், அதுக்கும் வராதீங்க. கட்டலைன்னாலும் வராதீங்க. யாராவது தடுத்தா மட்டும் வாங்க."

ஸ்வர்ணலதா சரி என்று தலையாட்டினாள். வேன் உறுமியது. தஸ்தகீர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"எவன் தடுக்கறான் பாக்கறேன். இவங்களுக்கு முன்னாடி நான் வந்து நிப்பேன்."