முதுகால் இழுத்த வில்

கோச்சடைக்கு மேற்கே வைகைக் கரையை ஒட்டி நாணல்பட்டி என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் மூட்டை தூக்குவதில் காளை என்கிற இளவட்டத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அறுப்புக் காலத்தில் அவன் நெல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் பாட்டுப் பாடியபடி வருவான். வண்டி மாடு சேற்றில் படுத்துவிட்டால் ஆட்கள் மாட்டை எழுப்பப் பார்க்க மாட்டார்கள், காளையைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் புரட்டாசி பிறந்த அன்று பூசாரி காசிமாயன் கோயில் வில்லைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தபோது ஊருக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் காளைக்குத்தான்.

விஜயதசமி அன்று சாயங்காலம் அம்மன் சப்பரத்தில் ஆற்றங்கரைக்கு வருவாள். அங்கே நட்டிருக்கும் வாழை மரம்தான் அசுரன். அம்மன் பேரைச் சொல்லி ஒரே ஓர் அம்பு விடவேண்டும். அது வாழையில் பாய்ந்து நிற்கவேண்டும். அந்த அம்பை விடுகிற பாத்தியதை காளையின் வீட்டுக்கு உரியது. இத்தனை வருஷமும் அவன் அண்ணன் வெள்ளைத்துரை விட்டுவந்தான். வெள்ளைத்துரை பட்டாளத்தில் சேர்ந்து எங்கேயோ மணல்காட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்ததால், யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, அடுப்புக் கரியை எரித்துக் கரி பஸ் ஓடிய அந்த வருஷம், முறை தம்பிக்கு வந்தது.

அம்பு தவறினால் சாமி குற்றம் என்றெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். அதைவிட மோசமான காரியம் ஒன்று செய்வார்கள். பட்டப்பேர் வைப்பார்கள். வெள்ளைத்துரைக்கு அம்மை போட்டு, அந்த வீட்டில் யாரும் வெளியே வராத ஒரு வருஷம் பங்காளி தவசி வில்லைப் பிடித்தான். அம்பு பக்கவாட்டில் போய் மேளக்காரரின் உருமியைக் கிழித்துக்கொண்டு நின்றது. அன்றையிலிருந்து அவன் உருமி கிழிச்ச தவசி. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "எந்தத் தவசி? உருமி கிழிச்சவரா?" என்றுதான் கேட்டார்கள்.

அந்தத் தவசிதான் இப்போது காளைக்கு யோசனை சொல்ல வந்தான். களத்து மேட்டில் பழைய வாழைத் தண்டு ஒன்றை நட்டு, காளை மூங்கில் வில்லை எடுத்து மரல் நாரால் திரித்த நாணில் அம்பைக் கோத்தான்.

"நல்லா இழுண்ணே. உனக்கு இருக்குற கைக்கு வில்லே முறியணும்."

காளை இழுத்தான். புஜம் பந்து போலத் திரண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. தோள் இரண்டும் காதைத் தொடுகிற அளவுக்கு ஏறின. ஆனால் நாண் தாடை வரை வருவதற்குள் கை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் பொறுக்காமல் விரலைப் பிரித்தான். நாண் இடது முன்கையில் சவுக்கு மாதிரி அடித்தது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டு வைக்கோல் படப்புக்குள் நுழைந்தது.

"காத்து அடிச்சிருச்சு" என்றான் தவசி. ஓர் இலைகூட அசையவில்லை.

அடுத்தது வேலியில் போய் விழுந்தது. அதற்கடுத்தது முத்துத்தாய் வீட்டுக் கூரையின் மேல் காய்த்துக் கிடந்த பரங்கிக்காயில் சொத்தென்று குத்தி நின்றது. அப்போதுதான் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சாணி கொட்ட வந்த ஒச்சாயி, கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

ஒச்சாயி காளையின் மனைவி. பேரையூர்ப் பக்கத்திலிருந்து தை மாதம்தான் வாழ வந்தவள். அவள் சிரித்தால் காளைக்குப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

"என்ன புள்ள சிரிப்பு? நீ வந்து விட்டுப் பாக்குறியா?"

"நான் எங்கிட்டு விட? எனக்கு அம்பைப் பத்தி என்னா தெரியும்?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பின்னாடி நின்னு பாத்தா, மழைக்கு நனைஞ்ச கோழி கழுத்தை இழுத்துக்கிட்டு நிக்குமே, அது மாதிரி நிக்கிறீங்க மச்சான்."

தவசியும் சிரித்துவிட்டான். காளை வில்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு பசி தாங்காமல் வந்து சாப்பிட்டான்.

அந்த வாரமே ஒச்சாயியின் அக்கா மகனுக்குக் காதுகுத்து வந்தது. சிம்மக்கல்லில் தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு கரி பஸ் ஏறினார்கள். திருமங்கலம் தாண்டி ஒரு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றபோது எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். காளை தள்ளிய தள்ளலில் பஸ் கிளம்பி, டிரைவர் அவனை விட்டுவிட்டே கொஞ்ச தூரம் போய்விட்டார். ஓடிப்போய் ஏறியபோது பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வில்லால் போன மானத்தில் பாதி அங்கேயே திரும்பி வந்ததாக அவனுக்குத் தோன்றியது.

மிச்சப் பாதி மறுநாள் காலையில் போயிற்று.

பேரையூர்ப் பூமி கரிசல். தண்ணீர் பாதாளத்தில் இருக்கும். ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வானம் தெரியும். நாணல்பட்டியிலோ ஆற்று மணலை முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. வீட்டுக் கிணற்றில் குனிந்து மொண்டுவிடலாம். காதுகுத்து வீட்டில் அண்டா நிரப்பப் பெண்கள் கிளம்பியபோது, "நீங்க எதுக்கு? நான் இருக்கேன்ல" என்று காளை துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான்.

முதல் வாளியைத் தம் பிடித்து விறுவிறுவென்று இழுத்துவிட்டான். இரண்டாவது வாளியில் புஜம் எரிந்தது. அதற்கப்புறம் உள்ளங்கை எரிந்தது. அண்டாவில் கால்வாசி ஏறுவதற்குள் கை மரத்துப்போய், பாதி வழி வந்த வாளி நழுவி, உருளை கதற, கிணற்றுக்குள் இடி மாதிரி போய் விழுந்தது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஆத்துக்கரை மாப்ளைக்குத் தண்ணி கனக்குது போல" என்றாள் ஒருத்தி.

ஒச்சாயி வந்து கயிற்றை வாங்கினாள். பேசாமல் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்து நின்று இழுத்தாள். காளை அவள் கையைத்தான் பார்த்தான். அது கம்பு மாதிரி மெலிந்த கை. கையில் ஒன்றும் நடக்கவில்லை, விரல்கள் கயிற்றைக் கொக்கி மாதிரி பிடித்திருந்ததோடு சரி. முழங்கை மட்டும் விலாவை உரசிக்கொண்டு பின்னால் போய், அடுத்த முழங்கை வந்து, அதுவும் பின்னால் போனது. நெல் குத்துகிறவள் மாதிரி ஒரே சீராக, பக்கத்தில் நின்றவளோடு கதை பேசிக்கொண்டே வாளி வாளியாக எடுத்து ஊற்றினாள்.

காளை மெதுவாக அவளுக்குப் பின்புறம் போனான். அங்கேதான் நடந்துகொண்டிருந்தது எல்லாம். சேலைக்கும் ரவிக்கைக்கும் அடியில், முதுகின் இரண்டு பக்கமும் இருக்கிற பட்டை எலும்புகள் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு நடுவில் வந்து, விலகி, மறுபடியும் வந்தன.

"ஏ புள்ள," என்றான், "நீ கையால இழுக்கலையா?"

"கையால யாராச்சும் தண்ணி எறைப்பாகளா? கை கயிறைப் பிடிக்கத்தான். இழுக்குறது முதுகு." சொல்லிவிட்டு அவளே நின்றாள். கயிறு கையில், வாளி நடுக்கிணற்றில். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அந்த எண்ணம் வந்தது.

"மச்சான், வில்லை எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

காதுகுத்துக் கறிச்சோறு முடிந்த கையோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தங்கள் மாப்பிள்ளைக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் களத்து மேட்டில் தவசி இல்லை, யாரும் இல்லை. காளை வில்லை ஏந்தி நின்றான். ஒச்சாயி அவனுக்குப் பின்னால் வந்து, அவன் வெற்று முதுகில், இரண்டு பட்டை எலும்புக்கும் நடுவே, ஒரு விரலை வைத்தாள்.

"இப்ப கையை மறந்துருங்க. முழங்கை பின்னாடி போகட்டும். ரெண்டு எலும்பாலயும் என் விரலை நசுக்குங்க."

"நீ விரலை வச்சா எனக்குக் கூச்சமா இருக்கு."

"கூசுனா கூசட்டும். இழுங்க."

அவன் நெளிந்தான், சிரித்தான், பிறகு இழுத்தான். தோள் வழக்கம்போல் மேலே ஏறியது. அவள் இன்னொரு கையால் அதைத் தட்டி இறக்கினாள். மறுபடி இழுத்தான். இந்தத் தடவை முதுகுக்குள்ளே ஏதோ கனமான ஒன்று, இத்தனை நாளும் தூங்கிக்கிடந்தது, எழுந்து வந்து அவனோடு சேர்ந்து இழுத்தது. நாண் தானாகத் தாடையைத் தொட்டது. கை நடுங்கவில்லை. முன்னால் நீண்ட இடது கை கதவின் தாழ்ப்பாள் மாதிரி நின்றது. அம்பின் நுனி வாழைத் தண்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. மூட்டை தூக்குகிறபோது வராத ஒரு சுகம் அதில் இருந்தது.

"ஆத்தா, நசுங்குது!" என்றாள் ஒச்சாயி. "விடுங்க!"

விரலைப் பிரித்தபோது வலது கை காதோரமாகப் பின்னால் போயிற்று. அம்பு வாலை ஆட்டவில்லை. தண்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய் மண்ணில் குத்தி நின்றது. நடுவில் படவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் குதித்த குதியில் களத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின.

அதற்கப்புறம் தினமும் விடியலில் அதே வேலைதான். முதலில் விரலோடு, பிறகு விரல் இல்லாமல். முதுகு வலித்தது. புதிதாக ஏர் பிடித்தவனுக்கு வலிக்கிற மாதிரி நல்ல வலி. பரங்கிக்காய்க்கு நஷ்டஈடாக முத்துத்தாய்க்கு ஒரு சுரைக்காய் போய்ச் சேர்ந்தது.

விஜயதசமி வந்தது. மேற்கே மலையில் மழை பெய்து வைகை இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அக்கம்பக்கத்து ஊர் ஜனமெல்லாம் கரையில் நின்றது. சப்பரம் வந்து இறங்கியது. காசிமாயன் அம்மன் காலடியில் இருந்த அம்பை எடுத்துக் காளையிடம் கொடுத்தார். உருமிக்காரர் தவசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

காளை அம்பைக் கோத்தான். மேளம் சட்டென்று நின்றது. அத்தனை ஜனமும் மூச்சை அடக்கிக்கொண்டது. அந்த மௌனம்தான் அவனைக் கெடுத்தது. இழுக்கத் தொடங்கியதுமே தோள் காதுக்கு ஏறிவிட்டது. அவனுக்கே தெரிந்தது. புஜம் திரண்டது, கை நடுங்கியது, முதுகு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இப்படியே விட்டால் மேளக்காரர் தப்பினாலும் பூசாரி தப்ப மாட்டார்.

அவன் வில்லை இறக்கினான்.

கூட்டம் முணுமுணுத்தது. அம்பு கோத்து இழுத்த வில்லை விடாமல் இறக்கியதை அந்தக் கரை அதுவரை பார்த்ததில்லை. காளை பெண்கள் நின்ற பக்கம் திரும்பி ஒச்சாயியைத் தேடினான். அவள் முன்வரிசையில் நின்றாள். பயந்துபோய் நிற்பாள் என்று நினைத்தான். அவளோ உதட்டைக் கடித்து, கன்னத்தை உப்பி, தோள் இரண்டையும் காது வரைக்கும் தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். மழையில் நனைந்த கோழி!

காளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மன் முன்னால், ஊர் முன்னால், அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்து மூச்சு விட்டபோது தோள்கள் இரண்டும் தாமாகவே இறங்கி அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. வில் உயர்ந்தது. முழங்கை பின்னால் போயிற்று. பட்டை எலும்புகள் ஒன்றை ஒன்று நெருங்கின. நாண் தாடையைத் தொட்டது. அம்பு போன சத்தம்கூடக் கேட்கவில்லை. சதக் என்று வாழையில் பாய்ந்து, பின்புறம் நுனி தெரிய நின்ற சத்தம்தான் கேட்டது. குலவை கிளம்பியது. உருமி முழங்கியது. தவசி ஓடிவந்து காளையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரே மாசத்துல எப்படிண்ணே? யாரு சொல்லிக் குடுத்தா?"

"உன் மயினிதான். கையால இழுக்காதன்னா. முதுகால இழுத்தேன்."

"மயினிக்கு வில்லுப் பிடிக்கத் தெரியுமா?"

"எனக்கெங்க தெரியும்?" என்று ஒச்சாயி கூட்டத்திலிருந்து சொன்னாள். "நான் தொட்டதே இல்ல."

"அப்ப தொட்டுப் பாக்கட்டும்" என்று யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள். எல்லாரும் காசிமாயனைப் பார்த்தார்கள். அம்மன் அம்பு விட்ட பிறகு இளவட்டங்கள் ஆசைக்கு ஆளுக்கோர் அம்பு விடுவது வழக்கம். பெண் விட்டதில்லை. காசிமாயன் தாடியைச் சொறிந்தார். சப்பரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள உக்காந்திருக்கிறவ கையில வில்லு இருக்கு. அவ என்ன ஆம்பளையா? குடுங்கப்பா."

ஒச்சாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். தவசி வாழையில் நின்ற அம்பைப் பிடுங்கிவந்து கொடுத்தான். வில் அவள் உயரத்துக்கு இருந்தது. அதை ஏந்திய மறுகணம், கிணற்றங்கரையில் நிற்பவள் போல ஓர் எட்டுப் பின்னால் வைத்து, ஒரே இழுப்பில் நாணைக் காது வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். ஆண்கள் "ஏயப்பா!" என்றார்கள்.

"குறி பாரு புள்ள, குறி பாரு!" என்று காளை கத்தினான்.

"எந்தக் கண்ணால?" என்று கேட்டுக்கொண்டே அவள் விட்டாள்.

அம்பு வாழைக்கு மேலே, கரைக்கு மேலே, நாணலுக்கு மேலே எழும்பி, சாயங்கால வெயிலில் ஒரு கணம் மின்னி, வைகையின் நடுவே விழுந்தது.

"கோயில் அம்பு!" என்று அலறினார் காசிமாயன்.

காளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் குதித்தான். தவசி குதித்தான். இளவட்டங்கள் அத்தனை பேரும் குதித்தார்கள். செந்நிறப் புதுத்தண்ணீர் இடுப்பளவு ஓடியது. அம்பு கோச்சடையை நோக்கி ஆடி ஆடி மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஒச்சாயி வில்லைப் பூசாரியின் கையில் திணித்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு கரையோரமாக ஓடினாள்.

"அங்கிட்டு, மச்சான், அங்கிட்டு! உங்க முதுகுக்குப் பின்னாடி!"

அவன் திரும்புவதற்குள் அம்பு அவனைத் தாண்டிவிட்டது. அவன் கையை வீசித் தண்ணீரைப் பிளந்துகொண்டு பின்னாலேயே போனான்.