அத்தான் ராவிய பல்

என் அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிளினிக்கை மூடிவிட்டுக் கல்குவாரியில் எலும்பு பொறுக்கக் கிளம்பினாரே, அங்கேதான் வந்தது வினை.

நான் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லாகிப்போன எலும்பு எந்த மிருகத்துடையது என்று அடையாளம் சொல்வது என் பிழைப்பு. அத்தான் தூக்கிக்கொண்டு வருவதில் முக்கால்வாசி வெறும் கூழாங்கல். ஆனால் போன மாதம் போனில் அவர் அனுப்பிய படம் அப்படி இல்லை. மண் அப்பிய சின்னக் கீழ்த்தாடை. மங்கலான அந்தப் படத்திலேயே கடைசிப் பல் கோணலாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. எனக்குத் தெரிந்த எந்த மிருகத்துக்கும் அப்படி ஒரு பல் கிடையாது. "கை வெக்காம அப்படியே கொண்டு வாங்க அத்தான்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

புது மிருகமாக இருந்தால் அக்கா பெயரை வைப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சமையலறை அலமாரி முழுக்கக் கல்லை அடுக்கிவைத்தும் இத்தனை வருஷம் பொறுத்துப்போனவள் அவள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

நேற்று இரண்டு பேரும் என் அறைக்கு வந்தார்கள். அத்தான் பஞ்சைப் பிரித்தார். தாடை பளபளவென்று இருந்தது. பற்கள் பற்பசை விளம்பரம் மாதிரி ஒரே மட்டத்தில் நின்றன.

"என்ன அத்தான் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சுத்தம் பண்ணேம்மா. கண்றாவியா இருந்துச்சு."

"அந்தக் கடைசிப் பல்லு?"

"அது பக்கத்துப் பல்ல இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மெஷின வெச்சு லேசா ராவி விட்டேன். வரிசை இப்ப எவ்வளவு அழகா இருக்கு பாரு!"

"யாருக்கு அழகு? செத்து லட்சக்கணக்கான வருஷம் ஆச்சு. இனிமே அது எதைக் கடிக்கப் போகுது?"

"ஏய், கத்தாதடி. ஆசையாத்தானே பண்ணாரு" என்றாள் அக்கா.

அத்தான் அசரவில்லை. "எதுக்கு இந்தக் குதி குதிக்கறே? அச்சு எடுக்காம நான் எந்த வாயிலயும் மெஷின் வெச்சதில்ல" என்று பையிலிருந்து பிளாஸ்டர் மாவில் வார்த்த பல் அச்சு ஒன்றை எடுத்து நீட்டினார்.

லென்ஸில் பார்த்தேன். கோணல் பல் அப்படியே பதிந்திருந்தது. அதில் நான்கு கூர்கள்; நான்காவது உள்பக்கமாக வளைந்திருந்தது. உலகத்தில் இதுவரை யாரும் கண்டிராத பல்.

"புதுசுதான்" என்றேன்.

"பாத்தியா! அப்ப பேரு வெச்சிரலாமா?"

"எதுக்கு, இந்த மாவுக்கட்டிக்கா? பேரு வெக்க அசல் வேணும் அத்தான். அசல்ல இருந்த ஒரே அடையாளத்த நீங்க ராவித் தள்ளிட்டீங்க. இத வெச்சுக்கிட்டுப் பேசினா, நாமளே செஞ்சதுன்னு பாக்கறவன் எவனும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். அங்க இன்னொண்ணு கிடைக்குமா?"

"அந்தப் பாறைய வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்களே" என்றார். அப்போதுதான் அவர் முகம் செத்தது.

அக்கா தாடையை வாங்கினாள். மழமழவென்று இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ராவுனப்போ வந்த பொடிய என்ன பண்ணீங்க?"

"வாஷ்பேசின்ல கழுவி விட்டேன்."

"அப்ப என் பேரு சாக்கடையில போயிருக்கு" என்றாள் அக்கா.