எதுக்க வாரேன்

விடிந்தும் விடியாத அந்த வேளையில்தான் மாவட்டத்தின் வலியெல்லாம் ஒன்றாகக் கூடித் தொலைபேசியில் ஏறும். இரவெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்தவர் வெளிச்சம் கண்டதும் பயந்துபோவார். காய்கறி ஏற்றி வரும் வண்டி தூக்கக் கலக்கத்தில் புளியமரத்தில் மோதும். குடம் எடுத்துப் போன பெண் கிணற்றடியில் வழுக்கி விழுவாள்.

திருக்கோகர்ணத்தில் முதல் டவுன் பஸ் பிடித்து வந்திருந்த செவந்தி, உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஹெட்போனின் பஞ்சு பிய்ந்துபோய் பிளாஸ்டிக் காதை அறுத்தது. தண்ணீர் பாட்டிலைத் தொடப் பயமாக இருந்தது. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் இடத்தில் இல்லையென்று திரையில் அவள் பெயர் சிவப்பாகும்.

"சொல்லுங்க, அவசர உதவி மையம். என்ன ஆச்சுங்க?"

ஒன்று முடியுமுன் அடுத்தது. அவளுக்கு வலப்பக்கம் தரையில் நான்கு தேய்ந்த வட்டங்கள் இருந்தன. ராஜலட்சுமியின் நாற்காலி கிடந்த இடம்.

முன்பு இந்த அறையில் எல்லாரும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். ஒருத்தர் கேட்பார், ஒருத்தர் அனுப்புவார். கேட்கிறவர் லைனை விடவே மாட்டார். வண்டி போய்ச் சேரும்வரை மறுமுனையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பார். அனுப்புகிறவர் டிரைவரிடம் பேசிவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் புறங்கையில் விரலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு தட்டு என்றால் நெருங்கிவிட்டது. இது எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தந்ததில்லை. செவந்தியும் ராஜலட்சுமியும் தொடங்கிவைத்தது, அறை முழுக்கப் பரவிவிட்டது.

போன ஆடியில் அரசு எல்லாவற்றையும் கலைத்து அடுக்கியது. பேரிடர் ஒரு பக்கம், போலீஸ், தீயணைப்பு அழைப்பு ஒரு பக்கம், ஆம்புலன்ஸ் அழைப்பு ஒரு பக்கம் என்று கிடந்ததை ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்து, அறையை நடத்தும் வேலையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். செவந்திக்கு அதில் சந்தோஷம்தான். கஜாப் புயலன்று வீட்டின் மேல் விழுந்த ஒரு மரத்துக்காக எத்தனை அலுவலகத்துக்குப் போன் போட்டாள் என்பதை அவள் மறக்கவில்லை. ஆனால் ஒரே ஆணையம் என்றால் ஒரே நாற்காலி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அனுப்புகிறவர்கள் எல்லாரையும் நிறுத்தினார்கள். இனி கேட்கிறவரே அனுப்பவும் வேண்டும். டிரைவரிடம் பேசும்போது மறுமுனையை ஹோல்டில் போட வேண்டும். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கேட்பதற்கென்று ஒரு குரல் பதிவு செய்தார்கள். பலரைப் பேசச் சொல்லிப் பார்த்துவிட்டுச் செவந்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். திறப்பு விழாவில் சால்வை போட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் அம்மா அந்த நம்பருக்குப் போன் போட்டு மகளின் குரலைக் கேட்க ஆசைப்பட்டாள். "அதெல்லாம் ஆபத்துல கெடக்குறவங்க கேக்குறதும்மா" என்று செவந்தி தடுத்துவிட்டாள்.

அடுத்த அழைப்பு விழுந்தது.

"தாயி, என்னமோ கடிச்சிருச்சு தாயி. செத்தை அள்ளிக்கிட்டிருந்தேன். காலு தீயா எரியுது."

"பாம்பாங்க?"

"விரியன் மாரித் தெரிஞ்சுச்சு. தடியா இருந்துச்சு."

"பயப்படாதீங்க. எங்க இருக்கீங்க?"

"அரிமளத்துக்கு அங்கிட்டு, அய்யனார் கோயில் தைலமரக்காடு. ஒத்தையிலதான் இருக்கேன். எம்பேரு அழகம்மா."

"லைன்லயே இருங்க அழகம்மா. வண்டிக்குச் சொல்லிட்டு இந்தா வந்துர்றேன்."

செவந்தி ஹோல்டை அமுக்கினாள். திருமயம் பக்கம் நின்ற வண்டியில் அய்யாக்கண்ணு இருந்தார். சொன்னாள். அவர் கிளம்பினார். திரும்ப அழகம்மாளுக்குப் போவதற்குள் புதிய முறைப்படி அடுத்த அழைப்பு தானாக வந்து அவள் காதில் விழுந்தது. வேலைக்கு ஆள் ஏற்றிப் போன வேன் கவிழ்ந்திருந்தது. ஒரே கூச்சல். அதற்கு இரண்டு வண்டி அனுப்பி நிமிர்ந்தபோது அழகம்மாளின் லைன் செத்திருந்தது. திரும்பக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. வண்டி போய்ச் சேர்ந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஷிப்டு முடிகிற நேரத்தில் அய்யாக்கண்ணு காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். டிரைவர்கள் யாரும் அந்த அறைக்கு வருவதில்லை.

"நீ சொன்ன எடத்துல ஆளே இல்லம்மா" என்றார். "செத்தைக் கட்டும் சாக்கும்தான் கெடந்துச்சு. நானும் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். அவ அரிமளம் ரோட்டப் பாத்து நடந்திருக்கா. நா வந்தது திருமயத்துப் பக்கம். மத்தியானம் ஆடு மேய்க்கிறவுகதான் பொணமாக் கண்டெடுத்தாக. ஏம்மா நடந்தா? நடக்கக்கூடாதுன்னு நீ சொல்லுவியே, பாம்பு கடிச்ச எல்லாருக்கும்?"

இந்தத் தடவை செவந்தி அதைச் சொல்லியிருக்கவில்லை.

ஏன் நடந்தாள் என்பது மறுநாள் தெரிந்தது. கம்பெனி மேனேஜர் கோபிநாத் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பதிவான அழைப்பை ஓடவிட்டான்.

முதலில் அவள் குரல். மெருகேறிய, அவசரமில்லாத, சால்வை வாங்கிய குரல். 'தைரியமாக இருங்கள். உதவி உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.'

"வருதா தாயி? நல்லாருப்ப."

'தைரியமாக இருங்கள். உதவி உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.'

"எங்கிட்டு இருந்து வருது? அரிமளத்துல இருந்தா?"

'தைரியமாக இருங்கள்.'

"சரி சரி, ஒனக்கு ஆயிரம் சோலி இருக்கும். நா இப்பிடியே எதுக்க வாரேன்."

பிறகு சருகு நொறுங்கும் சத்தம். தைல இலைச் சருகு, ஒவ்வொரு காலடிக்கும் அப்பளம்போல நொறுங்கியது. நடுநடுவே "இருக்கியா தாயி?" என்று ஒரு கேள்வி. ஒவ்வொரு முறையும் செவந்தியின் குரல் தைரியமாக இருக்கச் சொன்னது. காலடி மெதுவானது. ஒன்று இழுபட்டது. நின்றது. அதன்பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. யாருமில்லாத காட்டுக்கு உதவி வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கோபிநாத் நிறுத்தினான். "ஹோல்டுல போட்டது நீங்க. திரும்ப எடுக்காதது நீங்க. ஆபரேட்டர் தப்புன்னு ஒத்துக்கிட்டா வார்னிங்கோட முடிச்சுடலாம்."

"பக்கத்துல ஆளு இருந்தா ஹோல்டே தேவையில்ல சார்."

"அது கவர்மெண்ட் எடுத்த முடிவு. நீங்களும் நானும் பேசி ஆகப்போறதில்ல."

"அப்ப அந்தக் குரலையாவது எடுத்துருங்க."

கோபிநாத் சிரித்தான். "அது கம்பெனி சொத்து. எல்லா மாவட்டத்துலயும் அதுதான் ஓடுது. சால்வை போடும்போது இனிச்சுதுல்ல?"

அன்றிலிருந்து ஹெட்போனை மாட்டினாலே அவளுக்குச் சருகு நொறுங்கியது. பஸ்ஸில், சாப்பாட்டுத் தட்டில், அம்மா வெங்காயம் உரிக்கும்போது. யாரோ நடந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

ராஜலட்சுமி இப்போது கீழராஜவீதியில் ஒரு துணிக்கடையில் நின்றாள். செவந்தியின் முகத்தைப் பார்த்ததும் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். "ஏறு. அந்த வீட்டுக்குப் போயிட்டு வருவோம். போகாம ஒனக்கு ஒறக்கம் வராது."

அழகம்மாளின் வீட்டில் அவள் கணவன் ஆண்டிச்சாமி மட்டும் இருந்தான். செத்தைக் கட்டுகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. ராஜலட்சுமிதான் துக்கம் விசாரித்தாள். செவந்தி வாய் திறக்கவில்லை. துக்க வீட்டில் போய்ட்டு வருகிறோம் என்று சொல்லக்கூடாது. எழுந்து கிளம்பும்போது, ஏதாவது சொல்லாமல் போக மனமில்லாமல், அவளை அறியாமல் வந்தது.

"தைரியமா இருங்க."

ஆண்டிச்சாமி தலையைத் தூக்கினான்.

"அவளக் காணோம்னு அன்னைக்கு நானும் அடிச்சேன் அந்த நம்பருக்கு. இந்தக் கொரலுதான் பேசுச்சு. அவ செல்லுலயும் கடைசியா அந்த நம்பருதான் இருந்துச்சு." அவன் எழுந்து கிட்ட வந்தான். "நீதானா தாயி? கடைசியா அவகூடப் பேசுனது நீதானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் கண்கள் அதைத்தான் கேட்டன.

"இல்லங்க" என்றாள் செவந்தி. "அது மிசினு. நான் பேசியிருந்தா நடக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

அவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான். செத்தைக் கட்டுகளைப் பார்த்தபடி பேசினான். "ஒருத்தர் நம்மளத் தேடி வாராகன்னா ஒக்காந்த எடத்துலயா இருக்குறது? மகளும் மருமகனும் பஸ்ஸுல வந்தாக்கூட எதுக்கப் போய்த்தான் கூட்டியாருவா. அது அவ பழக்கம்." பிறகு, "கூட ஒருத்தி பேசிக்கிட்டே இருந்தாளேன்னுதான் மனசு ஆறிக்கிட்டிருந்தேன். அதுவும் இல்லையா" என்றான்.

திரும்பும் வழியில், ஊர் எல்லை வந்ததும் ராஜலட்சுமி வண்டியை ஓரங்கட்டினாள்.

"நீ ஒத்துக்கிட்டு எதுலயும் கையெழுத்துப் போட்றாத, செவந்தி."

"போடமாட்டேன்க்கா. ஆனா நான் ஒருத்தி போடாம இருந்து என்ன ஆகப்போகுது? நாளைக்கு அடுத்த சீட்டு சத்யா ஹோல்டு போடுவா. அங்கயும் என் குரலுதான் பேசும்."

அன்று மாலை, மையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் கூடினார்கள். ஷிப்டு முடித்தவர்கள், வேலை போனவர்கள், வண்டியை ஓரமாக விட்டுவந்த டிரைவர்கள். பெஞ்சு போதவில்லை.

செவந்தி கூச்ச சுபாவக்காரி. ஆயிரம் பேரிடம் போனில் பேசுவாள், நாலு பேர் முகம் பார்த்துப் பேச வராது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே அழகம்மாள் நடந்ததைச் சொன்னாள். "எதுக்க வாரேன்னு சொன்னா" என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. அந்தக் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை.

"இனிமே நான் ஹோல்டு அமுக்கமாட்டேன்" என்றாள்.

"நானும் அமுக்கல" என்றான் அவளோடு வேலை பார்க்கும் நிலவழகன். "அந்தப் பட்டன் மேல சூயிங்கத்த ஒட்டிர்றேன்."

யாரோ சிரித்தார்கள். சத்யா சிரிக்கவில்லை. "வெளையாட்டில்லண்ணே. ஹோல்டு போடாட்டி வண்டிக்கு யாரு சொல்றது? நம்ம கோவத்துக்கு இன்னொரு உசிரு போயிரக்கூடாது."

அது எல்லார் மனதிலும் இருந்த கேள்விதான். டீக்கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எங்க செல்லுக்கு அடிங்க" என்றார் அய்யாக்கண்ணு. "மேல எவன் என்ன சொன்னாலும் எடுப்போம். என்னப்பா?"

டிரைவர்கள் தலையாட்டினார்கள்.

"அடிக்கிறதுக்கு ஆளு?" என்றாள் சத்யா.

"நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றாள் ராஜலட்சுமி. "கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பொழுது, வந்த பின்னாடி ஒரு பொழுது. மாத்தி மாத்தி ஒக்காருவோம். எங்க எடத்த எங்களுக்குத் திருப்பித் தார வரைக்கும்."

"நாற்காலியத்தான் தூக்கிட்டாங்களேக்கா."

"எங்க வீட்ல இல்லாத நாற்காலியா?"

மறுநாள் இருட்டு பிரியும்போது மையத்தின் கேட்டில் ஒரு வரிசை நின்றது. ஆளுக்கொரு நாற்காலி. பிளாஸ்டிக், இரும்பு மடக்கு, ஒருத்தி தலையில் மர ஸ்டூல். வாட்ச்மேன் சோலையப்பன் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கல்யாண வீடு இங்கிட்டு இல்லையே?"

"வேலைக்கு வந்திருக்கோம் அண்ணே."

சோலையப்பன் டார்ச்சை நாற்காலிகளின் மேல் ஓட்டினார். "ஆள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காக. நாற்காலியப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார். "நாற்காலி தானா நடந்து போகாதுல்ல." கேட்டைத் திறந்துவிட்டு டார்ச்சை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேய்ந்த நான்கு வட்டங்களின் மேல் ராஜலட்சுமி தன் நாற்காலியை வைத்தாள். அழைப்புகள் வரத் தொடங்கின. யாரும் ஹோல்டு அமுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் செல்போனில் டிரைவர்களைக் கூப்பிட்டார்கள். வண்டிகள் கிளம்பின.

கோபிநாத் சட்டைப் பித்தான் போட்டபடியே ஓடிவந்தான். "என்ன இது? வெளியாளுங்க எல்லாம் உள்ள!"

"யாரு சார் வெளியாளு?" ராஜலட்சுமி உட்கார்ந்தபடியே கேட்டாள். "இந்தச் சொவத்துல மேப் ஒட்டுனதே நாங்கதான். ஒங்களுக்குப் பாத்ரூம் எங்கன்னு காட்டுனது யாரு?"

"எல்லாருக்கும் வேலை போகும். போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. போலீஸ் நம்பரும் இங்கதான் சார் வரும்" என்றான் நிலவழகன். "ஹோல்டு போடாம பேசுறோம்."

கோபிநாத் குரலை இறக்கினான். "இங்க பாருங்க, அழகம்மா விஷயமா ஆணையத்துலருந்து விசாரணை அதிகாரி ரயில்ல வந்து எறங்கியாச்சு. இப்ப வந்துருவார். செவந்தி மட்டும் தப்ப ஒத்துக்கட்டும். மத்தவங்க மேல ஒண்ணும் வராது."

சத்யா எழுந்தாள். நேற்றுப் பயந்தவள் அவள்தான்.

"அன்னைக்கு அந்தப் போனு என் லைன்ல விழுந்திருந்தா நானும் ஹோல்டுதான் போட்டிருப்பேன் சார். எல்லாரும் அதான் போட்டிருப்போம். அப்ப தப்பு எல்லாருக்கும்னு எழுதுங்க."

"அதிகாரிகிட்ட நாங்களே சொல்றோம்" என்றார் வாசலில் நின்ற அய்யாக்கண்ணு. பின்னால் டிரைவர்கள் நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால், யார் சொல்லி வந்தானோ, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்டிச்சாமி நின்றான். அவன்தான் சொன்னான், "தேடி வாரவர ஒக்காந்த எடத்துல இருந்தா பாக்குறது? எதுக்கப் போவோம், வாங்க."

ஷிப்டில் இல்லாதவர்கள் வெளியே நடந்தார்கள். செவந்தியும் எழப் பார்த்தாள். திரையில் விளக்கு மின்னியது. உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லுங்க, அவசர உதவி மையம்."

"அக்கா..." ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்கியது. "அறந்தாங்கிப் பக்கம் ரோட்டுல... எங்க வீட்டுக்காரர லாரி தட்டிட்டுப் போயிருச்சு. ரத்தமா வருது. ஒருத்தரும் நிக்கமாட்டேங்குறாங்க. நான் எந்திரிச்சு ஓடி யாரையாச்சும்..."

"எங்கயும் போகாதீங்க. அவர் பக்கத்துலயே இருங்க. சேலை முந்தானைய மடிச்சு ரத்தம் வார எடத்துல அமுக்கிப் பிடிங்க. எந்த ஊர்கிட்ட?"

அவள் சொன்னாள். ராஜலட்சுமி ஏற்கெனவே செல்போனைக் காதில் வைத்திருந்தாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் செவந்தி.

அப்போது மறுபடியும் அவளுக்குச் சருகு நொறுங்கியது. ஒரு காலடி, இன்னொன்று, பிறகு எண்ண முடியாதபடி. ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். அப்போதும் கேட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். பங்குனி வேம்பு உதிர்த்திருந்த சருகின் மேல் எல்லாரும் கேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். தெருமுனையில் அதிகாரியின் கார் விளக்கு திரும்பியது.

"அக்கா?"

"இருக்கேன்மா. விடாம அமுக்கிப் பிடிங்க. நான் இங்கதான் இருக்கேன்."

புறங்கையில் ஒரு விரல் தட்டியது.