இருபத்தெட்டு சதுர அடி

தையல்காரம்மாவின் முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டை விற்கும் தையல்காரம்மா, மெஷினுக்குப் பின்னால் ஸ்டூலில். ஓய்வுபெற்ற சர்வேயர், அங்கிருந்த ஒரே கைவைத்த நாற்காலியில், முதுகு சாயாமல். அவருடைய மகள், இரத்த வங்கியில் வேலை பார்ப்பவள், துணி வெட்டும் மேசையோரம் நின்றுகொண்டு. மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக், கதவு நிலையில் தோளைச் சாய்த்தபடி. ஐந்தாவது ஆள் வீட்டு புரோக்கர். இடுப்பில் எந்நேரமும் இருபது முப்பது சாவி தொங்குவதால் எல்லோருக்கும் அவர் சாவிக்கொத்து.

ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் ஐந்தடிக்கு ஒரு கோடாக, துணியில் குறி போடும் சாக்கட்டியால் இழுத்த கோடுகள். முன்னறையில் தொடங்கி, நடையைக் கடந்து, சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைவரை அவை போயின. தையல் டேப்பின் நீளம் ஐந்தடிதான். அந்த டேப்பை வைத்து, முழங்காலில் ஊர்ந்து, வீட்டை முழுக்க ஒருத்தி அளந்திருக்கிறாள் என்று சர்வேயருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கோடுகள் நேராக இருந்தன. ஒரு மூலையில் மட்டும் அரை அங்குலம் விலகல். அவர் மனதுக்குள் மன்னித்தார்.

வீடு தேடத் தொடங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மகனுக்காகத் திரும்பக் கேட்டிருந்தார். இன்னும் ஏழு வாரம்தான் கெடு. மகளும் மாப்பிள்ளையும் சேர்த்துவைத்த பணத்துக்கு வீடே இல்லாமல் இல்லை. மூன்றாவது மாடி, நான்காவது மாடி என்று தாராளமாகக் கிடைத்தன, லிஃப்ட் இல்லாமல். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதனுக்கு அவன் கையிருப்புக்குள் அடங்குகிற, லிஃப்ட் வைத்த கட்டடம் ஒன்று அமையவில்லை. அப்பாவின் முழங்கால்கள் இரண்டும் படியை மறந்து வெகுகாலம் ஆயிற்று. தரைத்தளத்தில் அவருக்கு ஓர் அறை வேண்டும். அது அமையாவிட்டால் அவர் பெரிய மகன் வீட்டுக்கு, ஒன்பது மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால், போய்ச் சேர வேண்டும். அங்கே அவருக்குத் தனி டிவிகூட உண்டு. ஆனால் காலையில் அவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்கும்போது "ம்" கொட்ட அங்கே ஆள் கிடையாது.

விலை கேட்பதில் அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு முறை இருந்தது. தொகையை ஒரு தடவை சொல்வார்கள். கொடுத்தால் வாங்குவார்கள், இல்லையென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சர்வேயரின் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தபோதும் அப்படித்தான். கடைசியில் கல்யாணம் ஒரு பள்ளிக்கூடத்தில், பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு நடந்தது. அதை இன்றுவரை அவர்கள் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த முறையோடு சர்வேயர் தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்திருந்தார். முப்பத்தாறு வருடம் நிலத்தை அளந்தவர், அளக்காத இடத்துக்கு விலை எழுதமாட்டார். ஒவ்வொரு வீட்டையும் தன் இரும்பு டேப்பால் அளந்து, விலைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே உண்மையான அளவைக் குறிப்பிட்டு, அதற்குக் கீழேதான் தொகையை எழுதுவார். விற்கிறவருக்கு அது ஒரு மரியாதை என்று அவர் நம்பினார். விற்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வீட்டுக்காரர் சரியென்று கை கொடுத்தார். மறுநாள் அதே கையை இன்னொருவருக்குக் கொடுத்தார். இரண்டாவது வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, "பதினாலு அடி குறையுதாமே? வீடு வாங்க வந்தீங்களா, கேஸ் போட வந்தீங்களா?" என்று போனிலேயே கத்தினார். மூன்றாவதில் அண்ணன் தம்பி சண்டை. நான்காவது, வாசலில் பெரிய மரம் நின்ற வீடு. அது எப்படிப் போயிற்று என்று சர்வேயருக்குச் சரியாகத் தெரியாது. "வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கப்பா" என்று மகள் சொன்னாள், அவ்வளவுதான். ஐந்தாவதில் கடிதம் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் முழுப் பணத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் கொடுமை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு மூன்று பேரும் அதையே பார்த்தபடி சாப்பிடுவார்கள். அதற்குள் அந்த வீட்டில் கட்டில் எங்கே, பீரோ எங்கே, யாருக்கு எந்த ஜன்னல் என்று மனம் குடியேறிவிட்டிருக்கும். இல்லையென்று பதில் வந்ததும் மாட்டாத திரைச்சீலைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மகள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "போனாப் போகுதுப்பா" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஆறாவது இந்த வீடு. தரைத்தளத்தில் இரண்டு அறை, பின்னால் துணிமூட்டை போட்டுவைக்கும் சின்ன அறை. விற்பனைக் குறிப்பில் தொள்ளாயிரத்து நாற்பது சதுர அடி என்று இருந்தது. சர்வேயர் அளந்தபோது தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு வந்தது. இரண்டு தடவை அளந்தார். பின்னறையைக் கணக்கில் சேர்க்க யாரோ மறந்திருந்தார்கள்.

"மாமா, குறைஞ்சா சொல்றீங்க, சரி. கூட இருக்குன்னு நாமளே எதுக்குப் போய்ச் சொல்லணும்?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"குறையும்போது வாயத் தெறந்தவன் கூடும்போது மூடிக்கிட்டா, அவன் பேரு சர்வேயர் இல்ல, மாப்ள."

"பேரு என்னவா இருந்தா என்ன மாமா, வீட்டுக்காரர்னு இருந்தா போதாதா?"

மகள் சிரித்தாள். பிறகு, "எழுதுங்கப்பா" என்றாள். அவர் எழுதினார். மூன்றாம் நாள் சாவிக்கொத்து போன் செய்து, தையல்காரம்மா எல்லோரையும் நேரில் வரச் சொல்வதாகச் சொன்னார்.

தையல்காரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மெஷின்மேல் வைத்தார்.

"உங்க கடிதத்தப் படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு சார். இருபத்திரண்டு வருஷமா இருக்கற வீடு, எனக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னு. அப்புறம் தூக்கம் வரல. நேத்து முழுக்கக் கடையச் சாத்திட்டு அளந்தேன். நீங்க சொன்னது சரி. இருபத்தெட்டு அடி."

"இருபத்தெட்டேகால்," என்றார் சர்வேயர்.

"அந்தக் கால் உங்களுக்கு. மிச்சத்துக்கு நான் விலை கேக்கணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

சாவிக்கொத்து நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னொருத்தரும் கேட்டிருக்காரு," என்று தையல்காரம்மா தொடர்ந்தார். "உங்களவிடக் கூடத்தான். இந்த இருபத்தெட்டுக்கும் சேர்த்துப் போட்டா என்ன வருமோ, கிட்டத்தட்ட அதையே குடுக்கறேங்கறாரு. ஆனா அவரு வந்தாரு, சுவரத் தட்டினாரு, போனாரு. எனக்கு உண்மை சொன்னது நீங்க. அதனால மொதல்ல உங்களக் கேக்கறேன். அந்தத் தொகைய நீங்க குடுத்தா வீடு உங்களுக்கு. ஒரு காசு குறைக்கமாட்டேன். என் தங்கச்சி வீட்டுப் பக்கத்துல கடை எடுக்கணும், எனக்கும் வேண்டியிருக்கு."

நியாயமான பேச்சு. அதுதான் சர்வேயருக்குக் கஷ்டமாக இருந்தது. அநியாயமாகப் பேசியிருந்தால் எழுந்துபோவது எளிது.

இருந்தாலும் எழுந்தார். "நான் ஒரு தொகை எழுதிட்டேம்மா. எங்க வீட்டுல ரெண்டாவது தொகை கிடையாது. நீங்க அவருக்கே குடுங்க, தப்பில்ல." மகளைப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். கேட்டருகில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி ஊன்றினார்.

சாவிகள் குலுங்கப் பின்னால் வந்தார் புரோக்கர். பதினோரு மாதம் அலைந்த மனிதர். அவருக்கும் ஓர் எல்லை உண்டு.

"ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மரம் நின்ன வீடு. அது கை மாறிப்போகல. வீட்டுக்காரங்க ஒரு சின்னத் தொகைதான் கூடக் கேட்டாங்க. உங்க பொண்ணுக்குத்தான் போன் போட்டேன். வெள்ளையடிக்க வெச்சிருக்கற காசு இருக்கில்ல, அதப் போட்டா முடிஞ்சுதுன்னேன். அவங்களுக்கு அந்த வீட்டுமேல உசுரு, எனக்குத் தெரியும். ஆனா, 'அப்பா தொகை சொல்லிட்டாரு, அதுக்குமேல என் வாயால வராது, விட்டுடுங்க'ன்னாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற. நானும் இத்தன மாசம் மென்னு முழுங்கிட்டேன்."

அந்த நாள் சர்வேயருக்கு நன்றாக நினைவிருந்தது. வேலை முடிந்து வந்தவள் எப்போதும்போல வெந்நீர்ப்பையை அவர் முழங்காலில் வைத்தாள். பேப்பரில் இன்றைக்கு என்ன என்று கேட்டாள். அவர் வாசித்தார், ஒரு பக்கம் முழுக்க. அவள் ஒரு "ம்"கூட விடாமல் கொட்டிக்கொண்டிருந்தாள்.

குடும்ப மானத்தைத் தான்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக எழுபத்தொரு வயதுவரை அவர் நினைத்திருந்தார். அதை ஓசைப்படாமல் சுமந்தது அவள். அவருடைய ஒரு சொல்லுக்காக அவளுக்கு ஒரு வீடு போயிருக்கிறது. அந்த வீட்டைத் தேடியதோ அவருக்கு ஓர் அறை வேண்டுமென்று. வெயில் கேட்டின் கம்பியில் ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே மாப்பிள்ளை ஏதோ வேடிக்கை பேசித் தையல்காரம்மாவைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். போகிற வீட்டையும் முகம் வாடாமல் விட்டுக்கொடுக்கும் பிள்ளை. இப்படி இரண்டு பேர் அமைய, தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியைத் துடைப்பதுபோலக் கொஞ்ச நேரம் துடைத்தார்.

திரும்பி உள்ளே போனபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வெட்டும் மேசையில் அவருடைய கடிதம் கிடந்தது.

"அம்மா, ஸ்கேல் இருக்கா?"

தையல்காரம்மா மர ஸ்கேலை நீட்டினார். சர்வேயர் அதைத் தொகைக்குக் கீழே பொருத்தி, தான் எழுதிய எண்ணின் நடுவே ஒரே கோடாக அடித்தார். பேனாவை மகளிடம் கொடுத்தார்.

"நீ எழுதும்மா."

"அப்பா..."

"என்ன எழுதணும்னு உனக்குத் தெரியும். வெள்ளையடிக்கற காசையும் சேர்த்து எழுது. நாலு மாசம் முன்னாடியே உன் கையில குடுத்திருக்கணும் இந்தப் பேனாவ."

மகள் சட்டென்று புரோக்கரைத் திரும்பிப் பார்த்தாள். சாவிக்கொத்து தன் சாவிகளில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

"மாமா, அப்ப பெயிண்டு?" என்றான் மாப்பிள்ளை.

"நீயும் நானும் இருக்கோமில்ல. நான் கீழ் பாதி, நீ மேல் பாதி. உனக்கு மேல போறதுதான பொழப்பு."

மகள் எழுதினாள். எழுத்து சின்னதாக, கொஞ்சம் சாய்ந்து இருந்தது. அவள் அதன்கீழ் கையெழுத்துப் போட்டதும், பக்கத்தில் அவர் போட்டார். தையல்காரம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து, ஊசிகள் குத்திவைக்கும் தகர டப்பாவின் அடியில் வைத்தார். பிறகு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து, கேட்காமலே, சர்வேயருக்கு முதலில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மாப்பிள்ளையும் புரோக்கரும் முன்னால் போனார்கள். மகள் அப்பாவின் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்தாள். பிள்ளைகளிடம் நன்றி சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. சொன்னால் அவர்களை வேற்றாளாக்குவதுபோல ஆகிவிடும்.

தெருமுனை வந்ததும், "அந்த நாலாவது வீட்டு வாசல்ல ஒரு மரம் இருந்துச்சில்ல?" என்றார்.

"ஆமாப்பா."

"நல்ல மரம்."

"ம்," என்றாள்.

சர்வேயர் சொன்ன ஒரே சொல்லில் நின்றார் என்றும், அவருடைய பிடிவாதத்தைப் பார்த்துத் தையல்காரம்மாதான் விலையில் இறங்கிவந்தார் என்றும் சொந்தக்காரர்கள் நடுவே ஒரு பேச்சு இருக்கிறது. பெரிய மகன் வீட்டில் அதைப் பெருமையாகவே சொல்கிறார்களாம். அது தவறு. தையல்காரம்மா ஒரு காசு இறங்கவில்லை. சர்வேயர் வீட்டார்தான் ஏறினார்கள். முன்னறைச் சுவரில் அவர்கள் பூசிய வெள்ளை இன்னும் பாதிவரைதான் எட்டியிருக்கிறது. அதற்கு மேலே, தையல்காரம்மா ஆளுயரக் கண்ணாடி மாட்டியிருந்த இடத்தின் மேல்பகுதி மட்டும் நிறம் மங்காமல், நீள்சதுரமாக நிற்கிறது.