மாப்பிள்ளைக்குத் தேர்ந்தெடுத்த குக்ரி

அந்தக் குக்ரியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். கத்தியில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விஷயத்தைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கத்தியைத் திட்டினார்கள், அப்புறம் என் தங்கை வீட்டுக்காரரைத் திட்டினார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மலையேறுகிறவர்களுக்கும் காட்டுக்குள் போகிறவர்களுக்கும் சாமான் விற்கும் கடையில் எனக்குப் பதினெட்டு வருடமாக வேலை. கூடாரம், கயிறு, டார்ச், தூங்கும் பை என்று இரண்டு மாடி நிறையச் சரக்கு. அதில் கத்திப் பிரிவு என் ராஜ்யம். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் கடையில் என் பெயர் ‘புரொபசர்’. கிண்டல்தான் என்று தெரிந்தும் அது எனக்குப் பிடித்திருந்தது.

நான்கு வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளர், கூர் எப்படி இருக்கிறது என்று தடவிப் பார்த்துக் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார். முதலாளி அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார். காட்டுவதற்கென்று ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கத்தியைத் தனியாக எடுத்து, அரம் போட்டு மொண்ணையாக்கினோம். அதிலிருந்து நான் கடையில் வீசியதெல்லாம் தக்காளியைக்கூட வெட்டாத கத்திகள்தான்.

குக்ரியை உருவுவதை நான் ஒரு வித்தையாகவே செய்வேன். இடது கையால் உறையின் வாய்ப்பக்கத்தைச் சுற்றி நன்றாக இறுக்கிப் பிடித்து, வலது கையால் சரேலென்று இழுப்பேன். வாங்கலாமா வேண்டாமா என்று நிற்பவர் அந்தச் சத்தத்திலேயே விழுந்துவிடுவார். அப்படிப் பிடிக்கக் கூடாது என்று தெரியாதவன் இல்லை நான். குக்ரி என்பது கூர்க்காக்கள் வைத்திருக்கும் வளைந்த கத்தி, கூர் உள்வளைவில் இருக்கும். வெளியே வரும்போது அதன் கூர், உறையின் விளிம்பை அழுத்திக்கொண்டேதான் வரும். உறை என்பது இரண்டு மெல்லிய மரத்துண்டு, மேலே தோல், அவ்வளவுதான். விரல்கள் கூர்ப்பக்கம் சுற்றி வரக் கூடாது, முதுகுப்பக்கமாகத்தான் பிடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மொண்ணைக் கத்தியோடு நான்கு வருடம் விளையாடியதில் மூளைக்குத் தெரிந்தது கைக்கு மறந்துபோயிற்று.

மாப்பிள்ளைக்குக் கேமரா பழுதுபார்க்கும் வேலை. காட்டு விலங்குகளைத் தானாகப் படம் பிடிக்க மரங்களில் கேமரா கட்டிவைத்திருப்பார்கள் அல்லவா, அவற்றை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, பேட்டரி மாற்றி, லென்ஸ் துடைத்து, அங்கேயே கழற்றி மாட்டிவிட்டு வருவார். அரிசியை விடச் சின்ன ஸ்குரூவை இடது கையின் இரண்டு விரல்களில் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருகும் அழகைப் பார்க்க வேண்டும். தனியாகத்தான் போவார், மூன்று நாள் ஆகும். அதற்கு முந்தைய மாதம் காட்டுப்பன்றி துரத்தி மரத்தின் மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கும் முன்னால் ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர் மறித்துப் பையைப் பிடுங்கப் பார்த்தார்கள். என் தங்கை பயந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“அண்ணா, இவருக்கு ஒரு நல்ல கத்தியா பாத்துக் குடு. வெறுங்கையோட இனிமே அனுப்ப மாட்டேன்.”

“எனக்கு ஸ்குரூடிரைவர் போதும் மச்சான், இவதான் கேக்க மாட்டேங்கறா” என்றார் அவர்.

“பன்னி வந்தா ஸ்குரூடிரைவரால என்ன பண்ணுவ மாப்ள? அதோட பல்லை டைட் பண்ணுவியா?” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

அன்றைக்கு எனக்கிருந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கிப் பளபளவென்று இருந்ததை அவர் தொட்டுப் பார்த்ததும், “அது சுவத்துல மாட்டற சாமான், கீழ வை” என்றேன். அந்த ரகத்தில் கத்தியின் இரும்பு கைப்பிடிக்குள் விரல் நீளம்தான் போயிருக்கும். நாலு கிளையை வெட்டினால் கழன்று பறக்கும். இரும்பு கைப்பிடியின் கடைசி வரை ஓடி, மூன்று ஆணி அடித்த ரகமாகப் பிரித்து வைத்தேன். பெரியது வேண்டாம், மாலைக்குள் தோள் போய்விடும். சின்னது கொடியை வெட்டும், கட்டையைப் பிளக்காது. கொம்புக் கைப்பிடி வெயிலில் வெடிக்கும், மரம்தான் நல்லது. ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து, கனம் முன்னால் இழுக்கிறதா என்று கேட்டேன். உறைக்குப் பின்னால் செருகியிருந்த இரண்டு குட்டிக் கத்திகளைக் காட்டி, ஒன்று தோலுரிக்க, மற்றொன்று தீட்டிக்கொள்ள என்று விளக்கினேன். “உண்மையிலயே எவனாவது வந்தான்னா கத்தியைக் காட்டாத, பையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடு” என்றும் சொன்னேன். நல்ல புத்திமதிகளுக்குப் பஞ்சமே இல்லை.

தங்கை மழைக்கோட்டு பார்க்கிறேன் என்று மாடிக்குப் போனாள். அப்போதுதான் உருவுவதைச் செய்து காட்டினேன். மொண்ணைக் குக்ரியை அவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னேன். அவர் பயந்து பயந்து உறையை மேலோட்டமாகப் பிடித்தார்.

“என்ன மாப்ள, பூனைக்குட்டியைத் தூக்கற மாதிரி புடிக்கற? இறுக்கிப் புடி.”

“மச்சான், விரல் இந்தப் பக்கம் இருந்தா வெட்டாதா?”

கேட்டார். கைவேலைக்காரர், பார்த்த உடனே அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் என் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன்.

“பதினெட்டு வருஷமா உருவறேன். எண்ணிக்கோ. பத்தும் இருக்கா?”

அவர் சிரித்துக்கொண்டே எண்ணினார். பிறகு நான் சொன்ன மாதிரியே பிடித்து, பத்துப் பதினைந்து தடவை இழுத்துப் பழகினார். கடைசியில் சத்தம்கூடச் சரியாக வந்தது. கட்டிக் கொடுத்தது பெட்டியில் இருந்த புதுக் கத்தி, தாளை வைத்தால் தானே இரண்டாகும் கூர். கூடவே, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று படம் போட்ட சீட்டு ஒன்று வரும். அதை வழக்கம்போல் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மூன்றாவது வாரம் தங்கையிடமிருந்து போன் வந்தது, அழுகை மட்டும்தான் கேட்டது. விவரம் அப்புறம்தான் தெரிந்தது. காட்டில் விடிய விடிய மழை, உறையின் தோல் ஊறிப்போயிருக்கிறது. பாதையில் விழுந்து கிடந்த மரக்கிளையை வெட்டலாம் என்று காலையில் குக்ரியை இழுத்திருக்கிறார். உறையின் விளிம்பைப் பிளந்துகொண்டு கத்தி விரல்களுக்குள் போய்விட்டது. இடது கையில் மூன்று விரல், நரம்பு வரைக்கும். கேமரா பெல்ட்டால் கையைக் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் நடந்து சாலைக்கு வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைத் திட்டினேன். “அவ்வளவு சொல்லிக் குடுத்தேனே மாப்ள, கவனம் எங்க போச்சு?” என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “கால் வழுக்கிடுச்சு மச்சான்” என்றார்.

மாற்றுத்துணி எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவர் பையிலிருந்து தங்கை எடுத்துப் போட்ட குக்ரி சமையலறை மேடையில் கிடந்தது. உறையைக் கையில் எடுத்தேன். வாய்ப்பக்கம் பிளந்திருந்த இடத்தைச் சுற்றிக் கறை. என்னை அறியாமல் என் இடது கை வழக்கமான இடத்தில் பிடித்தது. கறை இருந்த இடமும் என் விரல்கள் இருந்த இடமும் ஒன்றுதான். உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தையல் பிரித்து ஒரு மாதம் கழித்துப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் ஒரு தட்டில் ஸ்குரூக்களைக் கொட்டி, இடது கையால் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை, ஆள்காட்டி விரல் பாதிதான் மடங்கியது. எடுப்பார், விழும். எடுப்பார், விழும். தங்கை டீ போட உள்ளே போனதும், “மாப்ள, அன்னைக்குக் கடையில...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மச்சான். டாக்டர் எப்படிப் புடிச்சீங்கன்னு கேட்டாரு. செஞ்சு காட்டினேன். யாரு இப்படிச் சொல்லிக் குடுத்ததுன்னு கோவமா கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“யூடியூப்ல பாத்தேன்னுட்டேன்.” சிரித்தார். “அவகிட்ட சொல்லாதீங்க. பொறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். கை போனது போனதுதான், இன்னொன்னும் எதுக்குப் போகணும்?”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. டீயைக் குடித்துவிட்டு, தங்கை வற்புறுத்தியதால் சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

அந்த நிம்மதி ஆறு மாதம் ஓடியது. கம்பெனியில் கையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, காட்டு வேலை முடியாது என்று கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை. சம்பளம் குறைந்ததைவிட, காட்டைப் பற்றிப் பேசுவதையே அவர் நிறுத்திவிட்டார் என்பதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. அந்தக் கோபத்தை அவரிடமே காட்டினாள். தண்ணீர் டம்ளர் கை நழுவினாலும், சட்டைப் பொத்தான் போட நேரமானாலும், கவனமில்லாத மனுஷன் என்ற பேச்சு வந்துவிடும். அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்.

போன வாரம் நான் இருக்கும்போதே அது நடந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒட்ட வேண்டிய சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். சின்ன விஷயம், சாவியை எங்கேயோ வைத்துவிட்டார். அவள் ஆரம்பித்தாள்.

“உறையிலேர்ந்து ஒரு கத்தியை எடுக்கத் தெரியல, சாவியை மட்டும் ஒழுங்கா வெச்சுடப் போறீங்களாக்கும்.”

என்னால் முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். “அவரைச் சொல்லாதம்மா. தப்பு என்னோடது. அப்படிப் புடிக்கச் சொன்னது நான். வெட்டாதான்னு கேட்டாரு, நான்தான் நக்கலடிச்சு வாயை மூட வெச்சேன். படம் போட்ட சீட்டைக்கூட நான்தான் கசக்கிப் போட்டேன். அவருக்கு இது தெரியும். எனக்காகத்தான் சொல்லல.”

தங்கை என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. அடிக்கட்டும், கத்தட்டும், இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும்ணா. இவரைக் காப்பாத்தறதுக்கு எவ்வளவு பெரிய பொய் சொல்ற நீ. பதினெட்டு வருஷமா இதே வேலை பாக்கற, நீயா தப்பாச் சொல்லிக் குடுப்ப?”

“இல்லம்மா, நிஜமாத்தான்...”

“விடுண்ணா.” அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “பாத்தீங்களா, செய்யாத தப்பைத் தன் தலையில போட்டுக்கறாரு. இந்த மனசு உங்களுக்கு வருமா?”

அவர் நிமிரவில்லை. மடங்காத விரல்களால் ஒரு சீட்டைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு எங்க வரும்?” என்றார்.