கொக்குக் கடையின் இடது கால்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. ‘காலில் புடைத்த நரம்புகள்தான் என் கணவரைக் கொண்டுபோயின’ என்று முதல் வரி எழுதினேன். கதைக்குத் தோதாக இருந்தது. உண்மையில் அவர் இறந்தது மாரடைப்பில். பாவம், காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

(நரம்பு என்றதும் தவறு. அவை இரத்தக் குழாய்கள். எங்கள் வீட்டில் எது புடைத்தாலும் நரம்புதான்.)

2.

மறுபடி தொடங்குகிறேன். அவர் முடிதிருத்துபவர். வலது பாதத்தைச் சுழல்நாற்காலியின் அடித்தட்டில் தூக்கி வைத்து, நாள் முழுவதும் இடது காலில் நின்றே வெட்டுவார். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் கொக்கு. நான் கடைக்குப் போனால் திரும்ப மாட்டார், கண்ணாடி வழியாகவே பேசுவார். இன்றும் கண்ணாடி முன் நின்றால் சற்றுக் காத்திருக்கிறேன்.

அவரிடம் தொழில் கற்ற தங்கை, என் நாத்தனார், அப்படி நிற்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டாள். இப்போது கடை அவளுடையது. அவளுடைய இடது கெண்டைக்காலிலும் நீலமாக, மண்புழுக்களைப் போல…

[இந்த உவமை வேண்டாம். அவள் படிப்பாள்.]

கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து ஒரு புண். களிம்பு போட்டால் ஆறும், பிறகு திறந்துகொள்ளும்.

“டாக்டர்கிட்ட காட்டலாம், வா.”

“அண்ணனும் காலைக் காட்டத்தான் போனான். அந்த வாரமே போய்ச் சேர்ந்தான். எனக்கென்ன அவசரம் அண்ணி?”

என் முதல் வரியை அவள் படித்திருந்தால்? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அவளைக் கூட்டிப்போகச் சில வாரங்கள் ஆயின.

3.

மருத்துவரைக் கண்டிப்பானவராக எழுதி வைத்திருந்தேன். நேரில் இருந்தவர் சிரித்த முகக்காரி. நாத்தனாரை நிற்கவைத்து ஸ்கேன் எடுத்தவர், முழங்காலுக்குக் கீழே வளையமாகப் பதிந்திருந்த தடத்தைத் தொட்டார்.

“இது என்னம்மா?”

“முடி வெட்ட வர்றவங்க கழுத்துல கட்டுற பட்டை. ரத்தம் கீழ இறங்காம இருக்க இறுக்கிக் கட்டுவேன். அண்ணனும் கட்டுவான்.”

“கழுத்துல இப்படிக் கட்டினா ஒருத்தரும் மறுபடி கடைக்கு வரமாட்டாங்களே.”

நாத்தனார் சிரித்துவிட்டாள்.

மருத்துவர் விளக்கினார்: காலிலிருந்து இரத்தம் மேலே ஏறவேண்டும். திரும்பி விழாமல் தடுக்கக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அவை தளர்ந்தால் இரத்தம் தேங்கும், குழாய் புடைக்கும், புண் வரும். பட்டை அதை இன்னும் தேக்கியிருந்தது. அழுத்தம் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கவேண்டுமாம். பழுதான குழாயை மெல்லிய கம்பியின் சூட்டால் மூடிவிட்டால், நல்ல குழாய்கள் அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். சிகிச்சை முடிந்த அன்றே எழுந்து நடக்கலாம்.

“அண்ணனுக்கு… இதாலயா?”

நான் கொண்டுபோயிருந்த என் கணவருடைய மருத்துவ அறிக்கையை மருத்துவர் பொறுமையாகப் படித்தார். “இல்லம்மா. அவருக்குப் பிரச்சினை இதயத்துல. காலுக்கு அப்ப யாரும் வைத்தியமே ஆரம்பிக்கல.”

நாத்தனார் அந்தத் தடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, “எந்தக் கிழமை வரணும்?” என்றாள்.

4.

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

அ) புண் ஆறி, இரண்டு காலிலும் நின்று வெட்டுகிறாள்.

ஆ) சிகிச்சை அறையின் வாசலிலிருந்து ஓடிவந்துவிடுகிறாள்.

இன்று காலை, உள்ளே போகும் முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“ரெண்டாவதை அடிச்சிடுங்க அண்ணி.”

“அப்ப முதல்ல இருக்கறது?”

“அதையும் அடிங்க. எந்திரிச்சு நடக்கப் போறது நான். அதையும் நீங்களே எழுதிட்டா நான் எதுக்கு? பேசாம உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்குங்க.”

இரண்டையும் அடித்துவிட்டேன். செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். உள்ளே யாரையோ சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறாள், குரல் கேட்கிறது. கீழே கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களும் அதில் ஒன்றும் எழுத வேண்டாம்.