இடைவேளைக்குப் பின் பாதி விலை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்: இந்தக் கதையின் முதல் பாதியை நான் பார்க்கவில்லை.

ஒரு கோடையில் கடற்கரை ஊர் ஒன்றுக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கடலை ஒட்டிய சாலையில், ஐஸ்கிரீம் கடைக்கும் காற்றடைத்த மிதவைகள் தொங்கும் கடைக்கும் நடுவே, ஒரு சின்ன நாடக அரங்கு ஒடுங்கி நின்றது. வாசலில் கரும்பலகை. "கோடை நாடகம். தினமும் மாலையில். இடைவேளைக்குப் பின் வருவோருக்குப் பாதி விலை. ஈரத் துணியோடும் வரலாம்." உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பொழுது சாய்ந்ததும் கால் மணலைத் தட்டிவிட்டு, பாதி விலை கொடுத்து உள்ளே போனேன். கலை ஆர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்றுக்காகப் போனேன்.

ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு வீடு. அந்த வீட்டின் அம்மா செத்துப்போய்ச் சில நாள்தான் ஆகிறது. ஒரு பார்சல் வருகிறது. கயிற்றை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும். அப்பா தேடுகிறார், மகள் தேடுகிறாள், மகன் தேடுகிறான். அம்மா அதை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் மகன் கயிற்றைப் பல்லால் கடிக்கிறான். கடித்துக்கொண்டே ஓவென்று அழுகிறான்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். வாயில் கயிற்றோடு ஒருவன் அழுதால் வேடிக்கையாகத்தானே இருக்கும்? அந்த அம்மாவை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

கடைசி வரிசையில், கதவோரம், ஒரே ஒருவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர்.

2

எழுத உட்கார்ந்து இவ்வளவு கிறுக்கினேன்:

"அலைகள் அன்று வழக்கத்தை விட—" [வேண்டாம். அலையில் ஆரம்பிக்கும் கதையை நானே மூடிவைத்துவிடுவேன்.]

"அவள் அதிக நாள் இருக்கமாட்டாள் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும்—" [பொய். முதலில் தெரிந்தது அவளுக்குத்தான்.]

"டிக்கெட்காரர் மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்." [இது இருக்கட்டும். இது நடந்தது.]

டிக்கெட்காரர் மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்திருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, அந்தக் கத்தரிக்கோலை எங்கதான் வெச்சாங்க அந்தம்மா?"

"அது முதல் பாதியில வருதுங்க."

"முதல் பாதியில வேற என்ன இருக்கு?"

துடைப்பம் நின்றது. "என் வீட்டுக்காரி இருக்கா."

பிறகு, முன்பின் தெரியாத என்னிடம் மனிதர் மடமடவென்று கொட்டிவிட்டார். அந்த அம்மா வேஷம் போடுவது அவர் மனைவி. இருபது வயதிலிருந்து மேடையில் நிற்பவள். இப்போது இருதயத்தில் கோளாறு. நாலு வரி சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. மேடையே ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டில் படுத்தால் சீக்கிரம் செத்துப்போவேன் என்று இவள் சொன்னாள். நாடகத்தை எழுதி இயக்குவது அவளுடைய சொந்தத் தம்பி. அக்காவுக்காக ஒரு வழி கண்டுபிடித்தான்: அம்மா இடைவேளைக்கு முன்பே செத்துப்போகிற மாதிரி நாடகத்தை எழுதினான். அவள் முதல் பாதியில் மட்டும் நடித்துவிட்டு மேக்கப் அறையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

அரங்கை ஓட்டுவது கணவர் வேலை. அதுவோ படுத்துக்கிடந்தது. பொழுது சாயும்வரை ஒருவரும் கடலை விட்டு எழுந்து வருவதில்லை. நாடகத்தைத் தள்ளி ஆரம்பிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள்; நானும் கேட்டேன். கடைசிப் பேருந்து போய்விடும். பார்க்கிறவர்களுக்கும் அதுதான், நடிக்கிறவர்களுக்கும் அதுதான். மூடிவிட்டால் மனைவிக்கு மேடை கிடையாது. யோசித்து யோசித்து அவர் கொண்டுவந்ததுதான் பாதி விலை. பொழுது சாய்ந்த பிறகு வருகிறவர்கள் வரட்டும் என்று.

வந்தார்கள். அரங்கு பிழைத்தது. முழு விலை கொடுத்து வந்துகொண்டிருந்த கொஞ்சம் பேரும், அவசரம் என்ன என்று இடைவேளைக்குப் பிறகே வர ஆரம்பித்தார்கள்.

"அவளுக்காகத்தான் இதைக் கொண்டாந்தேன். அவளை மட்டும்தான் யாரும் பாக்கல" என்றார்.*

* இந்த வரியை நான் கொஞ்சம் சீவிவிட்டிருக்கிறேன். அவர் சொன்னது, "பாத்தீங்களா என் புத்திய" என்று மட்டும்தான். சொல்லிவிட்டு மறுபடி பெருக்கினார்.

3

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல். "என்னங்க, வெந்நீர் வெச்சீங்களா இல்லையா?" துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார். கதவருகே திரும்பி, கத்தரிக்கோல் எங்கே என்று தெரியவேண்டுமானால் நாளைக்கு முழு டிக்கெட் எடுத்து வாருங்கள் என்றார். மறுநாள் காலையில் எனக்கு ஊருக்கு ரயில்.

நடந்தது இவ்வளவுதான். இனி வருவது என் கைவேலை. என்னிடம் இருப்பது வெந்நீர் கேட்ட ஒரு குரலும், போகிறபோக்கில் அவர் சொன்ன ஒரு வசனமும். மேடையில் கத்தரிக்கோலை ஒளித்துவைத்துவிட்டு அவள் சொல்வாளாம்: "இது தொலைஞ்சாதான் இந்த வீட்டுல யாராவது என்னைத் தேடுறீங்க." அந்த இடத்தில் ஹால் சிரிக்க வேண்டும். அதற்காகவே தம்பி எழுதிய வரி.

முதலில் எழுதியபோது அவளைப் பொறுமையின் சிகரமாக்கிவிட்டேன். இருமக்கூட மரியாதையாக இருமினாள். சகிக்கவில்லை, கிழித்துப்போட்டேன். வெந்நீர் கேட்ட குரலில் ஒரு அதட்டல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதினேன்.

மேடை விளக்குக்கு எதிரே நிற்கிறவளுக்கு ஹால் வெறும் இருட்டு. காதால்தான் கூட்டத்தைப் பார்க்கவேண்டும்: நாற்காலி முனகுவது, தொண்டையைச் செருமுவது, மிட்டாய்க் காகிதம் பிரிப்பது. அவளுக்கு மின்விசிறி மட்டும் கேட்டது. செத்துவிட்டு மேக்கப் அறையில் வந்து படுத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ஹால் அதிரும்.

"நான் செத்தப்புறம்தான் இவங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"அப்படி இல்லம்மா. மொதல்ல வர்றவங்க கொஞ்சம் அமைதியான ஆளுங்க" என்று சமாளித்தார் டிக்கெட்காரர்.

4

[இந்தப் பகுதியை எழுதும்போதுதான் டிக்கெட்காரர் மேல் எனக்குப் பிரியம் வந்தது. முன்னால் அவரை ஒரு ஏமாளியாக நினைத்திருந்தேன்.]

ஒரு நாள் அவர் கவுண்டரைச் சாத்திவிட்டுப் பின்கதவு வழியாக உள்ளே போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவள் கத்தரிக்கோல் வசனத்தைச் சொன்னதும் சிரித்தார். மறுநாள் நடு வரிசையில் உட்கார்ந்து கட்டைக் குரலில் சிரித்தார். அதற்கடுத்த நாள் அங்கே கட்டையாக ஒன்று, ஓடிப்போய் இந்த ஓரத்தில் கீச்சென்று ஒன்று, கூடவே கொஞ்சம் இருமல். நாடகக்காரர்களோடு இத்தனை வருஷம் இருந்தும் மனிதருக்கு நடிப்பு ஒட்டவே இல்லை.

அன்று மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னைக்கு மூணு பேர் சிரிச்சாங்க போலிருக்கே?"

"ஆமா, ஆமா. குடும்பமா வந்திருந்தாங்க."

"மூணு பேருக்கும் ஒரே மூக்கடைப்பா?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா உங்ககூட குடும்பம் நடத்துறேன். உங்க சிரிப்பு எனக்குத் தெரியாதா?" பஞ்சை மேசைமேல் வைத்தாள். "ஹால்ல யாருமே இல்ல, இல்லையா?"

அவர் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எழுந்திரிங்க. என்ன இது, மேடையில அழுறது பத்தாதுன்னு நீங்க வேற அழுதுகிட்டு" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரே ஒரு தடவைங்க. நிறைஞ்ச ஹால்ல அந்த வசனத்தைச் சொல்லணும். சிரிக்கிறதைக் கேக்கணும். அப்புறம் டாக்டர் சொன்னபடி வீட்டுல படுத்துக்கிறேன்."

5

பாதி விலையை எடுத்துவிட்டால்? ஒரு வரைவில் அப்படி எழுதிப் பார்த்தேன். இரண்டு பாதியும் காலியாகிவிட்டது.

முதல் பாதிக்கு இலவச டிக்கெட்? டிக்கெட்காரரைக் கடற்கரைக்கு அனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள், அதால் விசிறிக்கொண்டார்கள், வரவில்லை.

அவளை இரண்டாம் பாதியில் ஆவியாக— [தம்பி என்னை அடிக்கவே வந்துவிட்டான்.]

வழி சொன்னது அவள்தான். எனக்குத் தோன்றவில்லை, சத்தியமாக.

"ரெண்டாம் பாதிய மொதல்ல போடுடா."

தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, விளையாடாத. மொதல்ல உன் சாவுக்கு அழுதுட்டு, இடைவேளைக்கு அப்புறம் நீ உயிரோட வந்து நின்னா, பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

"என்ன நினைப்பான்? லேட்டா வர்றவனுக்கு முன்னாடி நடந்தது எதுவும் தெரியாது. அவனுக்கு நான்தான் ஆரம்பம்."

"அப்ப முடிவு?"

"அது என் கவலை. நீ ஏன்டா அதுல தலையிடுற?"

தம்பி அத்தானைப் பார்த்தான். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "போடு மச்சான்" என்றார்.

6

கோடையின் கடைசி நாள். வீடு துக்கத்தில் இருக்கிறது, ஹால் காலியாக இருக்கிறது. மகன் கயிற்றைக் கடித்து அழுகிறான். சிரிக்க யாரும் இல்லாததால் அன்றுதான் அந்த அழுகை அழுகையாகக் கேட்டது. இடைவேளை. பொழுது சாய்ந்தது. ஈரத் துண்டும் மணலுமாக ஊரே உள்ளே வந்து உட்கார்ந்தது. அவள் திரைக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை.

முடிவு ஒன்று: வசனத்தைச் சொல்கிறாள், ஹால் அதிர்கிறது, அங்கேயே சாய்ந்து— [அடித்துவிட்டேன். சரியான நேரம் பார்த்து மேடையில் ஆளைச் சாகடிப்பது மலிவான வேலை.]

முடிவு இரண்டு: வசனத்தைச் சொல்கிறாள், யாருக்கும் புரியவில்லை, சிரிப்பே வரவில்லை. [எழுதியும் பார்த்தேன். இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.]

முடிவு மூன்று என் கற்பனையில் வந்ததல்ல. அடுத்த கோடையில் நான் அந்த ஊருக்குப் போனேன். அரங்கு இருந்தது. கரும்பலகையில் வேறு நாடகம். பாதி விலையைப் பற்றி ஒன்றும் இல்லை. கவுண்டரில் ஒரு இளைஞன். உள்ளே யாரையோ விரட்டிய குரலில் இருந்த அதே அதட்டலை வைத்து, அவளுடைய தம்பி என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

"அண்ணன் ஒருத்தர் டிக்கெட் கொடுப்பாரே?"

"அத்தான் இப்பல்லாம் இந்தப் பக்கம் வர்றதில்லைங்க."

அவர் மனைவியைப் பற்றிய அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. கவுண்டருக்குள் ஒரு கத்தரிக்கோல் தெரிந்தது. தொலைந்துபோகாமல் இருக்க, கயிற்றால் ஆணியில் கட்டிவைத்திருந்தார்கள்.

திருப்பிப் போட்டது என் கற்பனைதானே; நிஜத்தில் நாடகத்தை யாரும் அப்படிப் போட்டிருக்க வாய்ப்பில்லை. அவள் கடைசிவரை காலி ஹாலுக்குத்தான் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கவேண்டும்.

7

இந்தக் கதையையாவது திருப்பிப் போடுகிறேன். அழுகையை எல்லாம் முதலிலேயே முடித்துவிட்டேன், கவனித்தீர்களா? இனி இடைவேளைக்குப் பிறகு. மேலே உள்ளதை எல்லாம் தாண்டிக் குதித்து நேராக இங்கே வந்தவர்களும் உட்காரலாம். அவர்களுக்குப் பாதி விலை.

டிக்கெட்காரரை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்தார், தள்ளிக்கொண்டுபோய் உட்காரவைத்தேன். கவுண்டரை யாராவது பார்த்துக்கொள்ளவேண்டுமே; நான் வெளியே இருக்கிறேன். அதனால் இந்தத் தடவையும் முதல் பாதியை நான் பார்க்கப்போவதில்லை. எனக்குச் சுவர் வழியாகக் கேட்டால் போதும்.

திரை விலகுகிறது. அவள் வருகிறாள். கையில் கத்தரிக்கோல். எங்கே வைக்கலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாள். வைத்த இடத்தை என்னிடம் வந்து சொல்லவேண்டாம், அது உங்களோடு இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். வைத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பி அந்த வசனத்தைச் சொல்வாள். அப்போது சிரித்துவிடுங்கள், வாய்விட்டு, எல்லோரும். அவர் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கக்கூடாது.